நன்றியும் சலாமும்

எழுத்தாளன் என்று தெருவில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் பிறகு தப்ப முடியாது. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம், பணி ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்துமடல், பட்டா மாறுதலுக்கு மனு, எல்லாம் நம் வீட்டுத் திண்ணைக்கே வரும். அம்பத்தூரில் நான் குடியேறிய இத்தனை வருஷங்களில் நாவல் எழுதிய நேரத்தைவிட மனு எழுதிய நேரம் அதிகமோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நாவலைப் படித்து யாருக்குக் குடிநீர்க் குழாய் கிடைத்தது? மனுவுக்குக் கிடைத்திருக்கிறது.

அப்படித்தான் ஒரு டிசம்பர் மாதம், இருட்டுகிற நேரத்தில், அடுத்த தெரு டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மாதான். கிறிஸ்தவர். அவருடைய சபை ஒரு சின்னச் சபை. கோபுரமும் மணியும் கிடையாது. தகரக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டதே சமீபத்தில்தான்.

"சார், ஒரு மடல் எழுதித் தரணும். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் போலீஸ் ஸ்டேஷன்காரங்க, ஃபயர் சர்வீஸ்காரங்க, நூத்தியெட்டு ஆம்புலன்ஸ்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு கமிட்டியில முடிவாயிருக்கு. ஒரு கேக்கு, ஒரு செடி, கூட ஒரு மடல். அவ்வளவுதான்."

தீயணைப்புக்காரர்களுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தபோது மட்டும் பேனா கொஞ்சம் பின்வாங்கியது. "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் எதையோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். வாசல்படியில் ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றும் சொல்லாமல் போனார்.

"அந்தம்மா முகம் வாடிப்போச்சு. என்ன, எழுத மாட்டேன்னுட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு எதற்கு நன்றி என்று யோசிக்கிறேன்" என்றேன். உண்மையான காரணம் அதுவன்று. ஆனால் கைக்குக் கிடைத்த காரணம் அது.

"சம்பளம் வாங்குறவங்களுக்கு நன்றி கிடையாது. சம்பளம் வாங்காம நாப்பத்தஞ்சு வருஷமா சமைச்சுப் போடறவளுக்காவது என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இந்த வாதத்துக்குப் பதில் சொல்லக்கூடிய கணவன் இன்னும் பிறக்கவில்லை. சம்பள விஷயம் அத்தோடு முடிந்தது. யோசித்துப் பார்த்தாலும் அதில் சரக்கில்லை. 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பல் ஒன்று தீப்பற்றியது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அந்த நாளைத்தான் தேசம் இன்றும் தீத்தொண்டு நாளாக அனுசரிக்கிறது. அவர்கள் வாங்கிய மாதச் சம்பளத்தில் அந்த ஒரு பிற்பகலுக்கு என்ன கூலி என்று எந்தக் கணக்குப்பிள்ளையாலும் வகுத்துச் சொல்ல முடியாது. சம்பளம் நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறது. உயிருக்கு விலை பேசி யாரும் வேலைக்கு வைப்பதில்லை. இடைவெளியை எதைக்கொண்டாவது நிரப்பத்தானே வேண்டும்?

என் தயக்கம் வேறு. தீயணைப்புக்காரர் நம் வீட்டுக்கு வந்தால் தண்ணீரோடு வருவார். ஆம்புலன்ஸ்காரர் தூக்குப் படுக்கையோடு வருவார். போலீஸ்காரர் லத்தியோடு வருவார். நமக்கு நன்மை செய்ய மட்டுமே முடிந்தவனுக்குச் சொல்லும் நன்றியும், நன்மையும் தீமையும் இரண்டுமே செய்ய முடிந்தவனுக்குச் சொல்லும் நன்றியும் ஒன்றாகுமா? பின்னதில் எந்த இடத்தில் நன்றி முடிந்து எந்த இடத்தில் சலாம் தொடங்குகிறது?

ஏதோ தர்க்க சாஸ்திரக் கேள்வி என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். நம் ஊர்களில் புதிய ஆய்வாளர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்ட வாரத்தில் போய்ப் பாருங்கள். சால்வையும் எலுமிச்சம்பழமும் வரிசையில் நிற்கும். அவர் இன்னும் ஒரு திருடனைக்கூடப் பிடிக்கவில்லை. எதற்காக அந்தச் சால்வை? நடந்ததற்காக அன்று, நடக்கப் போவதற்காக. கடைக்காரருக்கு நடைபாதையில் இரண்டடி வேண்டும். கட்சிக்காரருக்கு ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். சின்னச் சபைக்கும் கவலை உண்டு. டிசம்பர் இரவுகளில் பிள்ளைகள் கிதாரும் மேளமுமாக வீடு வீடாகக் கரோல் பாடப் போவார்கள். யாராவது ஒருவர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தால் போதும். எண்ணிக்கையில் சிறியவர்கள் அதிகாரத்துக்கு முன்னால் கொஞ்சம் முந்திக்கொண்டே சிரிப்பார்கள். அது அவர்களுடைய குணக்கேடு அல்ல, அனுபவம். அந்தச் சிரிப்புக்கு நான் வாசகம் எழுதித் தரவேண்டுமா என்பதுதான் அன்று இரவு என்னைத் தூங்கவிடாத விஷயம்.

காக்கி எங்களுக்கு அந்நியமானதன்று. ஆவடியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைப் பிரிவுகள் இருக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் இருக்கிறது. 1961-இல் வந்த டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2022 ஜனவரி முதல் தேதியன்று ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகமே வந்துவிட்டது. சென்னைப் போலீஸுக்கு இங்கேயிருந்து போகும் ரயிலில் நாள்தோறும் எத்தனை காக்கி! ஆனாலும் பக்கத்து வீட்டுக் காவலரோடு கிரிக்கெட் பேசுகிற மனிதர், அதே காவலர் சீருடையில் எதிரே வந்தால் காரணமில்லாமல் நிமிர்ந்து நின்றுவிடுகிறார். இந்தப் பயம் பழையது. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1855-இல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. சித்திரவதைக் குழு என்றே அதற்குப் பெயர். வரி வசூலிப்பவனும் குற்றம் விசாரிப்பவனும் ஒரே ஆளாக இருந்த காலம். குடியானவர்களை என்னென்ன செய்தார்கள் என்று அந்த ஆங்கில அறிக்கை விவரிக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு சொற்கள் நம்முடைய சொற்கள்: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி, விரல்களை நெரிக்கும் கருவி. அண்ணாந்தாள், உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் முறை. ஒரு மொழி எந்தச் சொற்களால் கடல் தாண்டிப் போயிற்று என்று பாருங்கள். அந்த அறிக்கையின் வெட்கத்தில்தான் 1859-இல் போலீஸ் சட்டம் வந்தது. வரி வேலை வேறு, காவல் வேலை வேறு என்று பிரித்தார்கள். ஆக நம் போலீஸ், அடிப்பதை நிறுத்துவதற்காகவே பிறந்த போலீஸ். நிறுத்தியதா என்பது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயம் 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துபோயிற்று. ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்த இரவு நிலையத்தில் என்ன நடந்தது என்பதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தின் ஒரு பெண் தலைமைக் காவலர். உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சி.பி.ஐ. வந்தது, காவலர்கள் 9 பேர் மீது குற்றப்பத்திரிகை வந்தது. தந்தையும் மகனும் கிறிஸ்தவர்கள் என்பதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம், டீச்சரம்மாவின் சபையும் அவர்களுக்காக அன்று முழங்காலில் நின்றிருக்கும் என்பதுதான். அந்தச் சபையே கேக்கும் செடியும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்காரர்களைக் கூப்பிடுகிறது! மறதியா, மன்னிப்பா, முன்னெச்சரிக்கையா?

ஆனால் இதையே முழு உண்மையாக எடுத்துக்கொண்டு படுக்கவும் முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பூந்தமல்லி குறுக்கே வந்து நின்றது.

1991 மே 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி பூந்தமல்லி வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். குண்டு வெடித்ததும் அவர் இறந்ததும் எல்லோருக்கும் தெரியும். அவரோடு 9 காவலர்களும் இறந்தார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அந்த வழக்கு வருஷக்கணக்கில் பூந்தமல்லியிலிருந்த தனி நீதிமன்றத்தில்தான் நடந்தது. அன்று படுகாயப்பட்டுப் பிழைத்த இளம் அதிகாரி பிரதீப் பிலிப். அவருடைய தொப்பியும் பெயர்ப் பட்டையும் இரத்தக் கறையோடு வழக்கின் சான்றுப் பொருள்களாகி நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. முப்பது வருஷம் கழித்து, 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி அவர் ஓய்வு பெறும்போது, அந்தக் கடைசி நாளில் அவற்றை அணிந்துகொள்ள அனுமதி வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் கொடுத்தது. ஒரு மனிதன் தன் சொந்த இரத்தத்தை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி அணிந்துகொண்டு வீட்டுக்குப் போனான். நான் எழுதிய எந்த நாவலிலும் இப்படி ஒரு கடைசி அத்தியாயம் இல்லை.

அந்தப் பிலிப்தான் 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்தபோது 'போலீஸ் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கியவர். ஜனங்கள் போலீஸைக் கண்டு பயப்படாமல் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம். 2020-இல் சாத்தான்குளம் விவகாரத்தில் அந்த 'நண்பர்கள்' பெயரும் அடிபட்டது. ஜூலை மாதமே அரசாங்கம் அமைப்புக்குத் தடை போட்டுவிட்டது. அந்த ஆட்கள் எங்கள் நண்பர்களே அல்லர் என்று தொடங்கியவர் மறுத்தார். யாராயிருந்தால் என்ன? நட்பு என்ற சொல்லைக் காவல் நிலையத்தின் பின்கட்டு வரைக்கும் கொண்டுபோனால் அது என்னவாகத் திரும்பி வரும் என்று யாராலும் உத்தரவாதம் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் நண்பராகவும் வேண்டாம், நன்றியும் வேண்டாம், தள்ளியே நிற்போம் என்கிறீர்களா? தள்ளி நின்று நன்றி சொன்ன கதையும் நமக்குத் தெரியும். இது என் சொந்த ஊர்க் கதை, சொல்ல வெட்கமாயிருக்கிறது.

அதே 2020-இல், மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு, நாடு முழுவதும் மக்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். டாக்டர்கள், தாதிகள், போலீஸார், துப்புரவுத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் நன்றி. நானும் தட்டினேன், என் மனைவி ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தாள். மூன்று வாரம் ஆயிற்று. ஏப்ரல் 13-ஆம் தேதி நெல்லூரைச் சேர்ந்த ஒரு டாக்டர், கொரோனா தொற்றிச் சென்னையில் இறந்தார். உடலை அம்பத்தூர் மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே எரிக்கக்கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று. வேறோர் இடத்தில் தகனம் நடந்தது. கை தட்டிய ஊரும் வண்டியைத் திருப்பிய ஊரும் ஒரே ஊர்.

அடுத்த வாரம், 19-ஆம் தேதி, நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் இறந்தார். அவருடைய உடலைக் கீழ்ப்பாக்கத்துக் கல்லறையில் அடக்கம் செய்ய முடியவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் கூட்டம் கல்லாலும் கட்டையாலும் ஆம்புலன்ஸைத் தாக்கியது. ஓட்டுநர்களுக்கு அடிபட்டு இரத்தம் கொட்டியது. மனைவியும் மகனும் அங்கிருந்து போய்விட நேர்ந்தது. கடைசியில் நள்ளிரவில், அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் மருத்துவமனை ஊழியர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, போலீஸ் காவலோடு திரும்பி வந்து, மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளிப் புதைத்துவிட்டுப் போனார். ஒரு நடிகர், விஜயகாந்த், தம் கல்லூரி நிலத்தில் இடம் தருகிறேன் என்று முன்வந்தார். அடக்கத்தைத் தடுப்பது குற்றம் என்று அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது. மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டர்கள் பல ஊர்களில் ஆஸ்பத்திரிகளின் மேல் பூ தூவின. ஆகாயத்திலிருந்து பூப் போடுவது சுலபம். தரையில் ஆறடி கொடுப்பதுதான் கஷ்டமாயிருந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த நள்ளிரவில் சுற்றி நின்று குழி மூடும் வரைக்கும் காவல் இருந்தவர்கள் போலீஸ்காரர்கள்தான். சாத்தான்குளத்துக்கு இரண்டே மாதம் முந்தி, அதே காக்கி.

இதையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மறுநாள் காலையில் டீச்சரம்மா வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்: "அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது நன்றியா, பயமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கமிட்டியில பாதிப்பேருக்குப் பயம்தான் சார். பொய் சொல்வானேன்? கரோலுக்கு ஒத்தாசையா இருக்கும்னு சொன்னவங்களும் உண்டு. எனக்கு வேற கணக்கு" என்றார்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி. மிக்ஜாம் புயல். ஏரிகள் நிரம்பி எங்கள் பக்கம் கொரட்டூர், அம்பத்தூர் எல்லாம் தண்ணீரில் நின்ற நாள். எங்கள் தெரு கொஞ்சம் மேடு. அவர் தெரு பள்ளம். மின்சாரம் இல்லை, போன் இல்லை. டீச்சரம்மாவின் கணவர் பக்கவாதத்தில் படுத்தவர், அப்போது உயிரோடிருந்தார். கட்டிலின் சட்டத்தைத் தண்ணீர் தொட்டபோது இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். மழைச் சட்டை போட்டிருந்தார்கள். உள்ளே காக்கியா வேறா என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டார். மற்றவர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். இடுப்பளவு தண்ணீரில் தெருமுனை வரைக்கும் நடந்து ஒரு படகில் ஏற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பேர் கேட்கலை சார். கேட்கத் தோணலை. அவரு மூச்சையே பார்த்துக்கிட்டிருந்தேன். தண்ணி வடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போனேன். எங்க ஆளா இருக்கலாம், ஃபயர்காரங்களா இருக்கலாம், வெளியூர்லேர்ந்து வந்த மீட்புப் படையா இருக்கலாம், யாருன்னு சொல்றதுன்னாங்க. ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க. 'பேரெல்லாம் எதுக்கும்மா, அய்யா நல்லாயிருக்காரா?'ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் எட்டு மாசம் இருந்தாரு. அந்த எட்டு மாசத்தில பேரனைப் பார்த்தாரு. யாருக்குன்னு நான் சொல்றது, சொல்லுங்க? ஆள் கிடைக்கலை, அதனால எல்லாருக்கும் சொல்றேன்."

நான் பேசவில்லை. 2021 நவம்பர் மழையில் கீழ்ப்பாக்கத்துக் கல்லறைப் பக்கம் மயங்கிக் கிடந்த ஓர் இளைஞனைப் பெண் ஆய்வாளர் ராஜேஸ்வரி தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய படத்தை நாடே பார்த்தது. முதலமைச்சர் அழைத்துப் பாராட்டினார். சரிதான். படம் எடுக்க ஆளில்லாத தெருக்களில் தூக்கியவர்களை என்ன செய்வது? இரவெல்லாம் நான் சீருடைக்கு நன்றி சொல்லலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாளோ சீருடைகளுக்குள் ஒரு மனிதனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாத்தான்குளம்?" என்றேன் மெல்ல.

"அன்னைக்கு நாங்க ஜெபம் பண்ணினோம். கலெக்டருக்கு, கமிஷனருக்குக் கடுதாசி எழுதணும்னு நான் சொன்னேன். வேண்டாம்னு பெரியவங்க தடுத்துட்டாங்க. அது இன்னும் உறுத்துது சார்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து யோவான் ஸ்நானகனைப் பற்றிச் சொன்னார். லூக்காவின் சுவிசேஷத்தில் வருகிறதாம். அவரிடம் போர்ச்சேவகர்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். வந்தவர்களை அவர் விரட்டவும் இல்லை, சால்வை போர்த்தவும் இல்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சுமத்தாதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்றிருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய இந்தப் புத்திமதியில் இன்றைக்குத் திருத்த வேண்டியது ஒரு சொல்லும் இல்லை என்று எனக்குப் பட்டது. சம்பளம் போதுமா என்பதை மட்டும் விவாதிக்கலாம்.

இந்த வழக்கம் மேல்நாட்டிலும் உண்டு. 1934 செப்டம்பர் 29-ஆம் தேதி வாஷிங்டன் நகரத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் போலீஸாருக்கும் தீயணைப்போருக்குமாகத் திருப்பலி நடத்தத் தொடங்கினார்கள். சீருடையின் நிறத்தை வைத்து 'நீலத் திருப்பலி' என்று அதற்குப் பெயர். இங்கே நடத்தினால் காக்கித் திருப்பலி என்றுதான் சொல்லவேண்டும். காவலருக்கு மிக்கேல் சம்மனசு, தீயணைப்போருக்குப் புளோரியன் என்று பாதுகாவலர்களும் இருக்கிறார்கள். இந்தப் புளோரியன் ரோமானிய அதிகாரி. ஆஸ்திரியாவில் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். தண்ணீரில் செத்தவரைத் தீக்குக் காவல் வைத்தது யாருடைய கற்பனையோ, அழகாயிருக்கிறது. டீச்சரம்மாவின் சபை புனிதர்களைக் கும்பிடாத சபை. அதனால் இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்து மடலை எழுதினேன். பழக்க தோஷம், ஆரம்பமே 'எம் காவல் தெய்வங்களே' என்று விழுந்துவிட்டது. டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நாற்பது வருஷம் கட்டுரை நோட்டுத் திருத்திய கை. சிவப்பு மையில்லை, பென்சிலால் அடித்தார்.

"தெய்வம்னு போடாதீங்க சார். எங்களுக்கு ஆகாது."

"சும்மா ஒரு மரபுக்குத்தான் அம்மா..."

"அவங்களுக்கும் ஆகாது. தெய்வத்துக்கு லீவு வேணாம், பிள்ளை குட்டி வேணாம். நாளைக்கு ஒரு தப்புப் பண்ணினா நீ தப்புப் பண்ணினேன்னு சொல்லவும் முடியாது."

என் எழுத்து வாழ்வில் இவ்வளவு சரியான திருத்தத்தை எந்தப் பத்திரிகாசிரியரும் எனக்குச் செய்ததில்லை. காவலருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று நம் அரசாங்கம் ஆணை போட்டதே 2021 நவம்பரில்தான். அதுவரைக்கும் அத்தனை வருஷம் தெய்வம், வீரன், சிங்கம் என்று எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்! சினிமாவில் எத்தனை பாட்டு! தெய்வத்துக்கு எதற்கு ஞாயிற்றுக்கிழமை? பெரிய பெயர் கொடுத்துவிட்டால் சின்னக் கடன்களைத் தீர்க்க வேண்டியதில்லை. மனைவியை மகாலட்சுமி என்று சொல்லிவிட்டு அடுப்படியிலேயே விட்டுவிடுகிறோம் அல்லவா, அதே தந்திரம். மேலே ஏற்றி வைத்தவனிடம் கணக்குக் கேட்கவும் முடியாது. கிட்டியைப் பிடித்த கைகூட ஒரு காலத்தில் கும்பிடு வாங்கிய கைதான்.

'தெய்வங்களே' போயிற்று. 'தன்னலமற்ற தியாகச் செம்மல்களே' என்பதும் போயிற்று. 'என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "எதுக்குன்னு எழுதுங்க" என்றார். கடைசியில் தங்கிய மடலில் ஏழெட்டு வாக்கியங்கள்தாம். 2023 டிசம்பர் 4 அன்று எங்கள் தெருவில் கழுத்தளவு ஆபத்தில் இருந்த வீடுகளுக்கு வந்தீர்கள். நடக்க முடியாத ஒரு முதியவரைத் தோளில் தூக்கிச் சென்றீர்கள். உங்களில் அவர் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு இது சேரவேண்டும். உங்களிடம் வருகிற எளியவர்கள் எல்லோரும் அந்த முதியவரைப் போலவே பத்திரமாக வீடு திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். இந்தக் கடைசி வாக்கியம் டீச்சரம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. கமிட்டியில் அதை ஒருவர் எடுத்துவிடச் சொன்னாராம். "இந்தத் தடவை எடுக்கலை சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

விழாவுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஆய்வாளர் வரவில்லை, எங்கோ பந்தோபஸ்து. ஓர் உதவி ஆய்வாளரும், ஒரு பெண் காவலரும், வயதான தலைமைக் காவலர் ஒருவரும் வந்தார்கள். தீயணைப்பு வண்டியோடு ஐந்து பேர் வந்தார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு அழைப்பு வந்துவிட்டது. தொழிற்பேட்டையில் ஏதோ குப்பை பற்றிக்கொண்டதாம். கேக்கைக் கையில் எடுத்தபடியே ஒருவர் ஏறி உட்கார்ந்தார், வண்டி போய்விட்டது. நூற்றெட்டுக்காரர்கள் வரவே இல்லை. அவர்களுடைய வண்டி நிற்கும் இடத்துக்குச் சாயங்காலம் இரண்டு பையன்கள் சைக்கிளில் செடியைக் கொண்டுபோனார்கள். வண்டி அப்போதும் அங்கே இல்லை, பக்கத்து டீக்கடையில் வைத்துவிட்டு வந்தார்களாம். மயானத்தில் வேலை பார்ப்பவருக்கும் ஒரு பொட்டலம் தனியே எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பட்டியலில் அவர் பெயர் எப்போது சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

போதகர் மடலை வாசித்தார். உதவி ஆய்வாளர் கை கூப்பி வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசினார். எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைகிற நேரத்தில் அந்த வயதான தலைமைக் காவலர் மடலைத் திரும்ப வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்றபடியே ஒருமுறை படித்தார். பிறகு டீச்சரம்மாவைத் தேடி வந்தார்.

"அன்னைக்கு இந்தப் பக்கம் டூட்டி பார்த்தவங்கள்ல பாதிப்பேர் மாத்தலாகிப் போயிட்டாங்கம்மா. திருத்தணியில ரெண்டு பேர், செங்குன்றத்தில ஒருத்தர்... இதுக்கு இன்னும் நாலஞ்சு காப்பி கிடைக்குமா?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்திருக்குமா என்று நான் என் மனைவியைக் கேட்டேன்.